உமி மூடிய கிண்ணம்: ஒரு ஜோடி ஜீப்ரா ஃபின்ச், மூன்று அடை

"மாமா, ஆண் குருவி குஞ்சுகளைத் தூக்கி வெளியே போடுது. அதைத் தனியாப் பிரிச்சிடவா?"

பிப்ரவரி நடுவில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்கு அக்கா மகன் போனில் கேட்டது இது. அவனுக்கு 13 வயது. வீடு திருச்சி உறையூரில், இரண்டாவது மாடி. நான் இருப்பது கரூர். "எதையும் பிரிக்காதே, எதையும் கழுவாதே, நான் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கழுவாதே என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. குஞ்சு சாகிற வீடுகளில் முதல் வேலையாகக் கூண்டைக் கழுவிவிடுவார்கள். என்ன நடந்தது என்பதற்கான சாட்சி எல்லாம் சாக்கடையோடு போய்விடும்.

அவன் வளர்ப்பது ஜீப்ரா ஃபின்ச், கூண்டில் வளர்க்கும் ஒரு சின்ன ஆஸ்திரேலியக் குருவி. அந்த ஜோடி முட்டையிட்டு அடை உட்கார்ந்த மூன்று தடவையையும் இங்கே எழுதுகிறேன். முதலாவதில் நாலு குஞ்சும் போயின. இரண்டாவதில் தாயே போயிருக்க வேண்டியது. மூன்றாவதில் மூன்று குஞ்சுகள் பறந்தன. நான் செய்த தவறும் இதில் ஒன்று உண்டு. அதையும் மறைக்கவில்லை.

கூண்டும் ஜோடியும்

இரண்டடி நீளக் கம்பிக் கூண்டு. ஹாலில், கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், டிவிக்கு எதிரே. உள்ளே ஒரு மண் பானைக் கூடு, ஒரு தீனிக் கிண்ணம், ஒரு தண்ணீர்க் கிண்ணம், இரண்டு குச்சிகள். டிசம்பரில் வாங்கிய ஜோடி. ஆணுக்குக் கன்னத்தில் செம்பழுப்புத் திட்டு, மார்பில் வரிக்கோடு, விலாவில் வெள்ளைப் புள்ளி, பவளச் சிவப்பு அலகு. பெண் முழுக்கச் சாம்பல், அலகு மட்டும் ஆரஞ்சு. "நல்ல செட் ஜோடி, இப்பவே முட்டை வைக்கும்" என்று கடையில் சொன்னார்களாம்.

வாங்கின அன்று பையன் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணின் அலகு அடியில் கறுப்பு இன்னும் தெரிந்தது. ஜீப்ரா ஃபின்ச் குஞ்சுக்கு அலகு கறுப்பாகத்தான் இருக்கும். கூட்டைவிட்டு இறங்கிய சில வாரங்களில் மெல்ல ஆரஞ்சு ஏறும். ஆக அந்தப் பெண்ணுக்கு வாங்கும்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. மூன்று மாதத்தில் இவை பருவத்துக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். பருவத்துக்கு வருவதும் முட்டையிடத் தகுந்த உடம்பு வருவதும் வேறுவேறு. நான் ஏழெட்டு மாதம் ஆகாத பெண்ணுக்குக் கூடு கொடுப்பதில்லை. இங்கே ஜனவரியிலேயே பானையைக் கட்டிவிட்டார்கள்.

முதல் அடை

ஜனவரிக் கடைசியில் ஐந்து முட்டை. தினம் ஒன்று, காலையில். இரண்டும் மாறிமாறி அடை உட்கார்ந்தன. பிப்ரவரி 11, 12 தேதிகளில் நாலு பொரிந்தன, ஒன்று கூமுட்டை. சனிக்கிழமை குடும்பத்தோடு மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போய், ஞாயிறு ராத்திரி திரும்பியிருக்கிறார்கள். திங்கள் விடிந்ததும் தட்டுத் தாளில் மூன்று குஞ்சுகள் கிடந்தன.

நான் போனபோது மூன்றும் அப்படியே இருந்தன. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உடம்பு. தோல் ரத்தச் சிவப்பாக இல்லாமல் கருஞ்சிவப்பாகச் சுருங்கி, பழைய பலூன் மாதிரி இருந்தது. கழுத்தின் பக்கவாட்டில் இரைப்பை, அதாவது ஊட்டிய தீனி முதலில் தங்கும் பை, இருக்கும் இடம் ஒட்டிப்போயிருந்தது. ஃபின்ச் குஞ்சுக்குத் தோல் கண்ணாடி மாதிரி. இரைப்பை நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் தினை மணியை வெளியிலிருந்தே எண்ணலாம். இங்கே எண்ண ஒன்றும் இல்லை. பானைக்குள் நாலாவது மட்டும் உயிரோடு, வாயைத் திறக்கத் தெம்பில்லாமல் கிடந்தது. அதன் இரைப்பையிலும் ஒரு காற்றுக் குமிழியைத் தவிர எதுவும் இல்லை. அன்று மதியம் அதுவும் போயிற்று.

"தீனி இல்லாமலா? கிளம்பும்போதுகூடப் பார்த்தேனே தம்பி, கிண்ணம் தளும்பத்தானே இருந்துச்சு" என்றார் அக்கா. அப்போதும் தளும்பத்தான் இருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் மெல்ல ஊதினேன். மேலே இருந்தது முழுக்க உமி. பொன்னிறமாக, பளபளவென்று, பார்ப்பதற்குத் தினையே மாதிரி. ஊத ஊதப் பறந்தது. கடைசியில் கிண்ணத்தின் அடியில் நின்றவை இருபது மணிகூடத் தேறாது.

கிளியும் ஃபின்ச்சும் மணியை உரித்துத் தின்னும் பறவைகள். தோலை அங்கேயே போடும். உரித்த தோல் கிண்ணத்திலேயே விழும்போது மட்டம் குறையவே குறையாது. பார்க்கிறவருக்குக் கிண்ணம் எப்போதும் நிறைவு. அந்த ஜோடி தட்டில் சிந்தியதைப் பொறுக்கித் தங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டது. நாலு குஞ்சுக்கு ஊட்ட அதனிடம் எதுவும் இல்லை.

சரி, ஆண் தூக்கி எறிந்தது? எறிந்தது உண்மைதான். ஆனால் வாயைத் திறந்து கேட்காத குஞ்சு, சில்லிட்டுப்போன குஞ்சு, செத்த குஞ்சு இவற்றைத்தான் தாய் தகப்பன் கூட்டைவிட்டு இழுத்துப் போடும். கூட்டுக்குள் அழுகினால் மற்றவற்றுக்கும் ஆபத்து. பையன் கண்டது கடைசிக் காட்சியை மட்டும். அதை வைத்து ஆணைப் பிரித்திருந்தால், பாதி அடையும் பாதி ஊட்டலும் செய்கிற ஆளை அல்லவா வெளியேற்றியிருப்போம்! எந்தக் குஞ்சும் சாகாமல், நன்றாகக் கேட்கிற குஞ்சையே எறிகிற ஜோடிகளும் உண்டு. அதற்கு ஓயாமல் கூட்டை எட்டிப் பார்ப்பது, ராத்திரி வெளிச்சம், பூச்சித் தொல்லை, அனுபவமில்லாத தகப்பன் என்று வேறு காரணங்கள் இருக்கும். இங்கே கிண்ணமே போதுமான விடை.

அந்தத் தினை

அது எந்தத் தினை என்றும் பார்த்தேன். மளிகைக் கடையில் வாங்கி, டப்பாவில் பல மாதம் கிடந்தது. வாசனையே இல்லை. நூறு மணியை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் பையன் எண்ணிச் சொன்ன கணக்கு: 31 முளைத்தது, மீதி ஊறிப்போய்க் கிடக்கிறது. முளைக்காத மணி என்றால் உள்ளே கரு செத்துவிட்டது. எண்ணெய்ச் சத்தும் வைட்டமினும் குறைந்துபோன வெறும் மாவு. இன்னொரு விஷயம்: தோல் நீக்கிய தினை அரிசியைச் சிலர் குருவிக்கு நல்லது என்று போடுகிறார்கள். தோலுள்ள தினைதான் வேண்டும். தோல்தான் அதன் பாதுகாப்பு உறை.

நல்ல தினையாக இருந்தாலும் அதில் புரதம் சுமார் 12 சதவீதம். வளர்ந்த பறவைக்கு அது ஓடும். முட்டையிலிருந்து ஒரு கிராம்கூடத் தேறாமல் வந்து, பத்து நாளில் ஏழெட்டு கிராம் ஆகவேண்டிய குஞ்சுக்கு ஓடாது. அதிலும் சிறுதானியப் புரதத்தில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு. இறகு, சதை இரண்டுக்கும் அது வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் இந்தக் குருவிகள் எதைக் கொடுத்துக் குஞ்சு வளர்க்கின்றன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அங்கே மழை பெய்து புல் கதிர் விட்ட பிறகுதான் கூடு கட்டும். குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பச்சைப் புல்விதை, பாதி முற்றினது. நம் ஊர்ப் பாஷையில் பால் பிடித்த கதிர். காய்ந்து கெட்டியான மணி இல்லை. கூண்டில் வருஷம் முழுக்கக் காய்ந்த தினையைப் போட்டுவிட்டுக் குஞ்சு வளரவில்லையே என்றால், அது கோடையில் நாற்று நட்டுவிட்டு அழுகிற கதை.

முட்டை உணவு எப்படிச் செய்வது, தினையை எப்படி முளைகட்டுவது, தினமும் கிண்ணத்தை ஊதிப் பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கரூருக்குத் திரும்பினேன். என் தவறு அங்கேதான். பானையை எடுக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் அடை

குஞ்சு போன ஜோடி பத்து நாளில் மறுபடி முட்டைக்குத் தயாராகிவிடும். நானே முட்டை உணவு வேறு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மழை வந்து புல் பூத்துவிட்டது என்றுதான் அந்தப் பறவை நினைத்திருக்கும். பிப்ரவரி முடிவதற்குள் அடுத்த முட்டை.

மார்ச் 14. மறுபடி போன். இந்த முறை அக்கா. "பொண்ணு தரையில உக்காந்துட்டு எந்திரிக்கல தம்பி. உடம்பு பந்து மாதிரி உப்பிக் கெடக்கு."

வீடியோ அனுப்பச் சொன்னேன். கூண்டுத் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டது. இவ்வளவு சிறிய பறவைக்கு இது மணிக்கணக்கு விவகாரம், நாள் கணக்கு இல்லை. விளக்கெண்ணெய் தடவி அமுக்கி எடுக்கலாமா என்று பக்கத்து வீட்டில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். கையே வைக்காதீர்கள், உள்ளே உடைந்தால் முடிந்தது என்று கத்தினேன். செருப்பு அட்டைப்பெட்டி, அடியில் துணி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில், ஓர் ஓரத்தில் ஈரத் துணி. அறைச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 32 டிகிரி வாக்கில். அப்படியே கால்நடை மருத்துவரிடம்.

மருத்துவர் கால்சியம் ஊசி ஒன்று போட்டுவிட்டு, அக்காவைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வெயில் படுமாம்மா?"

"ஜன்னல் பக்கத்துலதான் டாக்டர் வச்சிருக்கோம். நல்ல வெளிச்சம்."

"கண்ணாடி ஜன்னலா?"

கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும். தோலில் வைட்டமின் டி3 உண்டாக்குகிற புற ஊதாக் கதிர் வராது. டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் தின்றாலும் உடம்பில் ஏறாது. கால்சியம் இல்லாவிட்டால் ஓடு கெட்டியாவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டையைத் தள்ளுகிற தசைக்கும் அதே கால்சியம்தான் வேண்டும் என்பதை மறந்துவிடுவோம். மெல்லிய ஓட்டு முட்டை, தள்ளத் தெம்பில்லாத தசை. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நிலை. மாலை நாலரைக்கு அட்டைப்பெட்டியிலேயே முட்டை வந்தது. நனைந்த காகிதம் மாதிரி, விரல் பட்டதும் குழிந்தது. பெண் பிழைத்துக்கொண்டது.

ஆனால் எனக்குக் கணக்கு இடித்தது. கால்சியத்துக்காகப் போடும் கடல் நுரை ஒரு துண்டு கூண்டில் தொங்கியது. பெரிதாகக் கொத்தவில்லை என்றாலும், நாலு முட்டை வைத்ததற்கா உடம்பில் கால்சியம் இவ்வளவு காலியாகும்? "நாலுதான் மாமா, எட்டிப் பார்த்தேன்" என்றான் பையன். மறுநாள் போய்ப் பானையை இறக்கி, தாளை விரித்து, நாரை அடுக்கு அடுக்காகப் பிரித்தேன். மேலே இரண்டு முட்டை. அதற்கடியில் நார். அதற்கடியில் நாலு. மறுபடி நார். அடியில் மூன்று. ஆக ஒன்பது, சிக்கியதோடு பத்து.

இது ஜீப்ரா ஃபின்ச் வளர்க்கிறவர்களுக்குப் பழக்கமான கூத்து. நார் கிடைக்கிற வரை ஆண் கூடு கட்டிக்கொண்டே இருக்கும். முட்டை இருக்கிறதா இல்லையா என்று அதற்குக் கவலை இல்லை, மேலேயே மெத்தை போட்டுவிடும். முட்டை கண்ணுக்கு மறைந்தால் பெண் புதிதாக வைக்கத் தொடங்கும். பையனுக்கோ ஆண் குருவி தேங்காய் நாரைக் கவ்விக்கொண்டு பறக்கிறதைப் பார்க்க அவ்வளவு ஆசை. ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு கைப்பிடி நார் போடுவானாம். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

முதல் அடை ஐந்து, இரண்டாவது பத்து. ஏழு வாரத்தில் 15 முட்டை. ஒரு முட்டை சுமார் ஒரு கிராம், பறவை 12 கிராம். தன் எடைக்கும் மேலே முட்டையாக வெளியே தள்ளியிருக்கிறது, அதுவும் முழுசாக வளராத உடம்பு. 60 கிலோ பெண் ஒவ்வொரு முட்டைக்கும் ஐந்து கிலோ இழப்பதற்குச் சமம் இது என்று அக்காவிடம் கணக்குச் சொன்னேன். அக்கா பையனைப் பார்த்த பார்வையில் நார்ப் பை அன்றே குப்பைக்குப் போயிற்று.

நாலு மாத ஓய்வு

பானையை எடுத்தால் மட்டும் போதாது. கூடு இல்லாவிட்டால் தீனிக் கிண்ணத்திலேயே முட்டை வைக்கிற ஜாதி இது. அதனால் இரண்டையும் இரண்டு கூண்டில் பிரித்து, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பக்கத்தில் வைத்தோம். முதல் மூன்று நாள் ஆண் ஓயாமல் கூப்பிட்டது. பொம்மை ஊதுகுழல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பழகிவிட்டது. முட்டை உணவை வாரம் ஒருமுறை என்று குறைத்தோம்.

கூண்டு ஹாலிலிருந்து கிழக்குப் பால்கனி அறைக்கு மாறியது. காலை ஏழிலிருந்து எட்டு வரை பால்கனியில் நேர் வெயில். கூண்டின் பாதியைத் துணியால் மூடிவிடவேண்டும். வேண்டுமென்றால் நிழலுக்குப் போய்க்கொள்ளட்டும். காக்காய்க்கும் பூனைக்கும் பயந்து அந்த ஒரு மணி நேரமும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கா கீரை ஆய்வதும் காய் நறுக்குவதும் பால்கனிக்கு மாறின. ஆய்ந்த முருங்கைக்கீரையில் ஒரு கொத்து கூண்டுக்கு. பாலக், பசலை வகையை வேண்டாம் என்றேன். அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். அந்த அறையில் கொசுவத்திச் சுருள் ஏற்றுவதை நிறுத்தி, ஜன்னலுக்கு வலை அடித்தார்கள்.

கடல் நுரை விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. கணவாய் மீனின் உள் ஓடுதான் அது, நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். மென்மையான பக்கம் உள்ளே பார்க்கக் கட்டவேண்டும். இவர்கள் கடினமான முதுகைப் பறவைக்குக் காட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபின்ச்சின் அலகுக்கு அதைச் சுரண்டப் பலம் போதாது. திருப்பிக் கட்டின இரண்டாம் நாளே குழி விழுந்தது.

ஜூன் முதல் வாரத்தில் மொட்டை மாடியில் நாலு வளர்ப்புப் பைகளில் பையன் தினை விதைத்தான். முளைப்புச் சோதனை செய்து வாங்கின புதுத் தினையிலிருந்து ஒரு பிடி. நாள் எண்ணித்தான் விதைத்தோம்: 55 நாள் வாக்கில் பால் பிடிக்கும், அப்போது கூட்டில் குஞ்சு இருக்க வேண்டும். தினைப்புனத்தில் பரண் போட்டுக் குருவியை விரட்டின தமிழ்நாட்டில் குருவிக்காகவே தினை விதைத்த ஆள் என் அக்கா மகனாகத்தான் இருப்பான் என்று கேலி செய்தோம். ஆனால் கதிர் வந்ததும் அவனும் பரண் காரன்தான் ஆனான். அணிலும் ஊர்க்குருவியும் விடவில்லை. பழைய கொசுவலையைப் போர்த்தித்தான் காப்பாற்றினான்.

மூன்றாம் அடை

ஜூன் கடைசியில் ஜோடியைச் சேர்த்தோம். பெண்ணுக்கு அப்போது எட்டொன்பது மாதம் இருக்கும். ஜூலை 8-ல் கழுவிக் காயவைத்த பானை. நாரை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தோம். நீள நாரும் பஞ்சு நூலும் குஞ்சின் காலில் சுற்றி இறுகும். 16-ஆம் தேதி முதல் முட்டை. அன்று மாலையே கூண்டில் ஒரு நார் இழைகூட விடாமல் பொறுக்கி எடுத்தாயிற்று. 20-ஆம் தேதியோடு ஐந்து முட்டை, அதோடு நின்றது. அடை உட்கார்ந்த ஏழாம் நாள் மொபைல் டார்ச்சில் பார்த்தான்: நாலில் சிவப்பு நரம்பு வலை, ஒன்று தெளிவு. அது கூமுட்டை. அதை எடுக்க வேண்டாம் என்றேன். பொடிக் குஞ்சு சாய்ந்துகொள்ள ஆதரவாக இருக்கும்.

இந்த நாட்களில் கூட்டுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம் வருகிறது என்று பையன் சொன்னான். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் மேரியட், புக்கானன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெப்பம் 26 டிகிரிக்கு மேல் போனால், பொரிவதற்கு முந்தைய சில நாட்களில் ஜீப்ரா ஃபின்ச் முட்டையைப் பார்த்து ஒரு தனிக் குரல் கொடுக்கிறது. அதைக் கேட்டுப் பொரிந்த குஞ்சுகள், சூடான கூட்டில் கொஞ்சம் சிறிய உடம்போடு வளர்கின்றன. திருச்சியில் 26-க்குக் கீழேயே நிற்கும் பகலை எங்கே தேடுவது! இங்கே பொரிகிறதெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டே வருகிறது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 1-ல் இரண்டு, 2-ல் ஒன்று, 3-ல் ஒன்று. ஆடிப்பெருக்குச் சமயம், ஊரே காவிரிக்குப் போயிருந்தது. பையன் கூண்டைவிட்டு நகரவில்லை. அவன் நோட்டிலிருந்து சில வரிகள், அப்படியே:

"ஆக. 2. காலை 6: முட்டை உணவு ஒரு டீஸ்பூன். 8.30-க்கு எடுத்தாச்சு. எறும்பு வந்துச்சு. ஸ்டாண்ட் கால் நாலுக்கும் தண்ணிக் கிண்ணம் வச்சேன்."

"ஆக. 5. பெரிசு 3.4 கிராம். மாமா சொன்ன மாதிரி இரைப்பைல மணி தெரியுது. பச்சையா இருக்கு!!"

"ஆக. 8. மூணு பேரு கண்ணு திறந்துட்டாங்க. குட்டி 2.1தான்."

நகைத் தராசு ஒன்று வாங்கியிருந்தான். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று அக்கா பயந்தார். இந்தப் பறவைகள் அதற்கெல்லாம் குஞ்சைக் கைவிடுவதில்லை. மாலையில் ஒரே ஒரு முறை, தாய் தானாக வெளியே வந்த நேரம் பார்த்து எடுத்து, ஒரு நிமிஷத்தில் வைத்துவிட வேண்டும். எடையைவிட முக்கியமாக நான் கேட்டது சாயங்கால இரைப்பையை. இரவு முழுக்க ஊட்டல் கிடையாது. ஆறு மணிக்கு இரைப்பை புடைத்திருந்தால்தான் குஞ்சு விடியலைப் பார்க்கும். அதனால் நாலரை மணிக்கு இரண்டாவது பரிமாறல்: முளைகட்டின தினை, பால்கதிர். விளக்கை ஒரே போடாக அணைக்காமல் முதலில் பெரிய விளக்கு, கால் மணி கழித்துச் சிறியது. திடீரென்று இருட்டானால் குச்சியில் இருக்கும் தாய் கூட்டுக்குத் திரும்பத் தெரியாமல் அங்கேயே நிற்கும், குஞ்சு குளிர்ந்துவிடும்.

முட்டை உணவு பெரிய சமையல் இல்லை. ஒரு கோழிமுட்டையைப் பன்னிரண்டு நிமிஷம் நன்றாக அவித்து, ஓட்டில் ஒரு துண்டைப் பொடியாக நுணுக்கிச் சேர்த்து, உப்பில்லாத ரஸ்க் தூளோடு உதிரியாகப் பிசைந்தால் சரி. ஈரமாக இருக்கக் கூடாது. ஜோடிக்கு ஒரு டீஸ்பூன் போதும், மீதி முட்டை பையன் வயிற்றுக்கு. நம் வெயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் விட்டால் கெட்டுவிடும். எறும்புக்கு மருந்து சாக்பீஸ் கோடு போடப் போன அக்காவைத் தடுத்தேன். அது விஷம்.

முளைகட்டுவதில்தான் கை அதிகம் சுட்டது. ராத்திரி எட்டு மணி நேரம் ஊறல், காலையில் அலசி வெள்ளைத் துணியில் முடிச்சு, மதியமும் மாலையும் மறுபடி அலசல். மறுநாள் காலை ஊசி முனை அளவு வெள்ளை தெரிந்ததும் பரிமாறிவிட வேண்டும். இன்னும் நீளட்டும் என்று விட்ட ஒரு நாள் புளிச்ச மாவு வாசனை வந்தது. முழுசையும் கொட்டினோம். புளித்த முளை, குஞ்சின் இரைப்பையைக் கெடுத்துவிடும்.

பால்கதிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆகஸ்ட் 3 காலை மாடிக்குப் போய் ஒரு கதிரைப் பிடித்து நகத்தால் நசுக்கிப் பார்த்தான். வெள்ளையாகப் பால் கசிந்தது. கதிரோடு ஒடித்துக் கூண்டுக் கம்பியில் செருகினான். முட்டை உணவுக்கு முதல் நாள் மூக்கைச் சுளித்த ஆண், கதிரின் மேல் தலைகீழாகத் தொங்கி உருவியது. பத்து நிமிஷத்தில் கூட்டுக்குள் குஞ்சுகளின் இரைச்சல். நோட்டில் "பச்சையா இருக்கு" என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டது அதற்குத்தான்.

குட்டி மட்டும் தேறவில்லை. முதல் இரண்டைவிட இரண்டு நாள் இளையது. அண்ணன்கள் கழுத்தை நீட்டிக் கேட்கும்போது அதன் தலை அவற்றின் தோளுக்குக் கீழே. 8-ஆம் தேதி கைவளர்ப்புக்கு எடுக்கலாமா என்று கேட்டான். இரண்டு கிராம் ஃபின்ச்சைக் கையால் வளர்ப்பது என்றால் விடிந்ததிலிருந்து அடையும் வரை மணிக்கு இருமுறை ஊட்டல், ஊட்டும் கூழ் 40 டிகிரிச் சூடு, ஒரு துளி மூச்சுக்குழாயில் போனால் முடிந்தது. ஸ்கூலுக்குப் போகிற பையனால் ஆகாது. நான் வேண்டாம் என்றேன். 10-ஆம் தேதி காலை அது இல்லை. அந்த முடிவு சரிதானா என்று அவன் இன்னும் கேட்கிறான். அனுபவமுள்ள பெங்காலி ஃபின்ச் ஜோடி ஒன்று கூட்டில் இருந்திருந்தால் அதனிடம் வைத்துப் பார்த்திருக்கலாம். பிறர் குஞ்சை வளர்ப்பதில் அவை கெட்டிக்காரத் தாய்கள். எங்களிடம் அப்போது இல்லை.

மற்ற மூன்றும் 20, 21, 22 தேதிகளில் கூட்டைவிட்டு இறங்கின. கறுப்பு அலகு, கட்டை வால். முதல் இரண்டு நாள் கூண்டு மூலையில் தவறிவிழுந்து எழுந்தன. தகப்பன்தான் அதிகமாக ஊட்டியது. முதல் அடையில் குஞ்சைத் தூக்கி எறிந்த அதே ஆண்.

எதனால் தேறியது?

கறாராகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தீனி, கால்சியம், வெயில், வயது, ஓய்வு, நார், கூண்டின் இடம், கொசுவத்தி என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டோம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு ஜோடி போதாது. முதல் அடைக்கு உமியும், இரண்டாவதற்கு நாரும் கண்ணாடியும்தான் நேரடிக் காரணம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அவற்றைக் கையால் எடுத்துப் பார்த்தேன்.

குஞ்சு 35 நாளில் தானாகத் தின்னத் தொடங்கியதும், செப்டம்பர் நடுவில் மூன்றையும் பெரிய கூண்டுக்கு மாற்றினோம். அலகின் நுனியில் ஆரஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. பானை கழற்றியாயிற்று, அடுத்த ஆடி வரைக்கும் கிடையாது. அதற்குள் பெண் ஒருநாள் தீனிக் கிண்ணத்திலேயே ஒரு முட்டை வைத்துவிட்டுத் திருட்டுப் பார்வை பார்த்ததாம். ஓடு நல்ல கெட்டி.

போன வாரம் அக்கா போன் செய்தார். குருவி விஷயம் இல்லை. பையன் தினமும் காலையில் பால்கனியில் நின்று கிண்ணத்தை ஊதுகிறான், உமியெல்லாம் பறந்து கீழ்வீட்டு அம்மா காயப்போட்ட துணியில் விழுகிறது, அவர் மாடியேறி வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அவன் முறத்தில் கொட்டிப் புடைக்கப் பழகிக்கொண்டிருக்கிறானாம், பாட்டியிடம்.